நீதிமன்றங்களைக் கணினிக்கு மாற்றும்போது எதை முதலில் மாற்றுவது?

2021 ஜூலையில் ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்கு இந்திய உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று தீர்மானமான பிறகும் பெரியவர்களுக்கான சிறையிலேயே கிடந்தவர்கள் அவர்கள். ஜாமீன் கிடைத்த பிறகும் சில நாட்கள் அவர்களால் வெளியே வர முடியவில்லை. உத்தரவின் சான்றிட்ட நகல் தபாலில் வந்து சேரவில்லை என்பதுதான் காரணம். தகவல் தொழில்நுட்பக் காலத்திலும் உத்தரவைக் கொண்டுவரும் புறாவை வானத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா வேதனைப்பட்டார். அந்தத் தாமதத்தை உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2022 மார்ச் 31 அன்று 'ஃபாஸ்டர்' என்ற ஏற்பாடு தொடங்கியது. மின்கையொப்பமிட்ட உத்தரவு பாதுகாப்பான மின்வழியில் நேராகச் சிறைக்குப் போகும். அந்த ஏற்பாட்டில் இருப்பது அவ்வளவுதான்.

ஒரு நாடு தன் நீதிமன்றங்களைக் கணினிக்கு மாற்றப் போகிறது என்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது நீதிமன்ற அறைக்குள். பெரிய திரை, காணொளி விசாரணை, நீதிபதியின் மேசையில் கட்டுக்குப் பதில் கணினி. திறப்பு விழாவில் படம் எடுக்க இவை தோதானவை. எனக்கு இதில் உடன்பாடில்லை. தொடங்க வேண்டிய இடம் பதிவகம். வழக்குக்கு எண் போடுவது, சம்மன் சேர்ந்ததா என்று பார்ப்பது, அடுத்த வாய்தா தேதியைச் சொல்வது, போட்ட உத்தரவை உரிய இடத்தில் சேர்ப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. கட்சிக்காரர் நாள் கணக்கில் அலைவதும் இவற்றுக்காகத்தான். வாதம் நடக்கும் அரை மணி நேரத்துக்காக யாரும் வருடக்கணக்கில் காத்திருப்பதில்லை. அந்த அரை மணி நேரம் வந்து சேருவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, முடிவெடுப்பவர்கள் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடுகிறேன்.

ஒரே வீச்சிலா, படிப்படியாகவா

முதல் கேள்வி இதுதான். பழையதை அடியோடு எடுத்துவிட்டு எல்லா வழக்குகளுக்கும் ஒரே புதிய அமைப்பு கொண்டுவரலாம். அல்லது ஒரு வகை வழக்கு, ஒரு வேலை என்று சிறிது சிறிதாகப் போகலாம்.

முதல் வழிக்கு நெதர்லாந்து நல்ல பாடம். உரிமையியல் வழக்குகளையும் நிர்வாகச் சட்ட வழக்குகளையும் முழுக்க மின்வழிக்கு மாற்ற 'கேஇஐ' என்ற பெருந்திட்டம் போட்டார்கள். சட்டத்தையே அதற்காகத் திருத்தினார்கள். 2017 செப்டம்பரில் இரண்டு மாவட்ட நீதிமன்றங்களில் மின்தாக்கலைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 2018 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது. அதற்குள் செலவு 20 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. அந்த இரண்டு நீதிமன்றங்களும் 2019இல் காகிதத்துக்கே திரும்பின. பிறகு அவர்கள் போட்ட புதிய திட்டம் அடக்கமானது: உள்ளே இருக்கும் பழைய அமைப்புகள் ஓடட்டும், வெளியிலிருந்து ஆவணம் வந்து சேரும் வழியை மட்டும் முதலில் மின்வழியாக்குவோம் என்று தொடங்கினார்கள்.

இங்கிலாந்தும் வேல்ஸும் 2016இல் சுமார் 100 கோடி பவுண்டில் ஒரு சீர்திருத்தத்தைத் தொடங்கின. நான்கு ஆண்டில் முடிய வேண்டியது. 2025 வரை இழுத்தது. விவாகரத்து மனு, உயில் நிரூபணம் போன்றவற்றை மக்கள் வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய அதில் செய்த வசதி நன்றாகவே வேலை செய்கிறது. குற்றவியல் நீதிமன்றங்களுக்கென்று போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் மூவரையும் ஒரே அமைப்பில் சேர்க்கப் பார்த்த 'காமன் பிளாட்ஃபார்ம்' மென்பொருள்தான் திணறியது. அதை எதிர்த்து 2022இல் நீதிமன்ற ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஒரே திட்டத்துக்குள் சின்ன வேலைகள் தேறின, பெரிய வேலை திக்குமுக்காடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆஸ்திரியா போன வழி வேறு. அங்கே நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையிலான மின்தொடர்பு 1990இல் தொடங்கியது. பெரும்பாலும் மறுப்பே வராத கடன் வசூல் மனுக்களில் கை வைத்தார்கள். படிவம் ஒன்றுபோல் இருக்கும், எண்ணிக்கை அதிகம், தகராறு குறைவு. அதில் கை பழகிய பிறகு மற்ற வழக்குகளுக்குப் போனார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அமைப்பு ஓடுகிறது.

படிப்படியான வழிக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இடைப்பட்ட காலத்தில் இரண்டு முறைகளும் சேர்ந்து ஓடும். அதைச் சுமப்பவர் பெஞ்ச் கிளார்க். பதிவேட்டில் மையால் ஒரு முறை எழுதுவார். கணினியில் அதையே இன்னொரு முறை அடிப்பார். பதிவேட்டில் 14ஆம் தேதி, திரையில் 17ஆம் தேதி என்று ஒருநாள் மாறிப்போகும். கட்சிக்காரர் திரையைப் பார்த்துவிட்டு 17ஆம் தேதி வருவார். 14ஆம் தேதியே அவர் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகியிருக்கும். ஆகவே படிப்படியாகப் போகிறவர்கள் ஒன்றை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். இந்தத் தேதியிலிருந்து இந்த வகை வழக்குக்குக் கணினிப் பதிவே மூலப் பதிவு, கைப்பதிவேடு அன்றோடு மூடப்படும் என்று விதியாகவே இருக்க வேண்டும். இரண்டையும் 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று விட்டால் அந்தக் கொஞ்ச நாள் பத்து வருடம் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் நான் படிப்படியான வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். தவறினால் ஒரு வகை வழக்கோடு போகும். முழு நீதித்துறையும் முடங்காது.

மென்பொருளை வாங்குவதா, சொந்தமாகச் செய்வதா என்பது இதோடு சேர்ந்த கேள்வி. இந்தியாவின் இ-கோர்ட்ஸ் திட்டம் அரசின் தேசியத் தகவலியல் மையத்தைக் கொண்டு, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளில் சொந்தமாகச் செய்தது. அடித்தளம் நாடு முழுவதற்கும் ஒன்று. அதன்மேல் அந்தந்த உயர் நீதிமன்றம் தன் விதிகளுக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத் தனி எண் உண்டு. அதைப் போட்டால் அடுத்த தேதியைக் கைபேசியிலேயே பார்க்கலாம். இது போன்ற நிலையான அணி இல்லாத சிறிய நாடு வெளியில் வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் போகும்போது எல்லா வழக்குத் தரவும் வேறு அமைப்பு படிக்கக்கூடிய வடிவில் கைக்கு வர வேண்டும். இந்த நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. நாட்டின் தீர்ப்புகள் ஒரு தனியார் பூட்டுக்குள் இருக்கலாகாது.

மின்தாக்கல்: யாருக்குக் கட்டாயம்?

வழக்கறிஞர் அலுவலகத்தில் மனு இப்போது கணினியில்தான் பிறக்கிறது. குமாஸ்தா அதை அச்செடுக்கிறார். கட்சிக்காரர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிறார், முத்திரை குத்தியாகிறது. பிறகு ஒவ்வொரு தாளாக ஸ்கேனரில் வைக்கிறார்கள். ஒரு பக்கம் கோணலாக விழும், ஒரு முத்திரை கறுப்புத் திட்டாக வரும். கோப்பு பெரிதாகிவிட்டது என்று இணையதளம் திருப்பி அனுப்பும். மூன்றாகப் பிரித்து மறுபடி ஏற்றுவார்கள். அந்தப் பக்கத்தில் நீதிமன்ற ஊழியர் அதை இறக்கி, மறுபடி அச்செடுத்து, துளை போட்டு, நூல் கோத்து, கட்டாகவே நீதிபதி முன் வைப்பார். இதற்குப் பெயர் மின்தாக்கல் என்றாலும் காகிதச் செலவு இரட்டிப்பானதுதான் மிச்சம். அந்தக் கோப்பு படமாக இருப்பதால் அதில் ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது.

சிங்கப்பூர் இந்தக் கட்டத்தைக் கடந்து வந்த நாடு. 2000ஆம் ஆண்டிலேயே உரிமையியல் வழக்குகளுக்கு மின்தாக்கலைக் கட்டாயமாக்கியது. அந்த முதல் அமைப்பு, ஆவணத்தின் பக்கங்களை அப்படியே கோப்பாக அனுப்பும் முறையாகவே இருந்தது. 2013இல் அதை மாற்றி 'இ-லிட்டிகேஷன்' கொண்டுவந்தபோது கட்சிக்காரர் பெயர், வழக்கு வகை, கோரும் பரிகாரம் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பும் மின்படிவங்களைச் சேர்த்தார்கள். அப்படி நிரப்பிய விவரம் மறு தட்டச்சு இல்லாமல் பதிவேட்டுக்கும் வழக்குப் பட்டியலுக்கும் போய்ச் சேரும். இன்று புதிதாகத் தொடங்கும் நாடு முதல் கட்டத்தைத் தாண்டி நேராக இரண்டாவதுக்குப் போகலாம். பழைய வழக்குக் கட்டுகளை லட்சக்கணக்கான பக்கங்கள் ஸ்கேன் செய்ய டெண்டர் விடுவதைவிட, இன்று தாக்கலாகும் வழக்கை ஒழுங்காகத் தரவாக வாங்குவது பலன் தரும். பழைய கட்டுகளில் நடப்பில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

கட்டாயமா விருப்பமா என்ற கேள்விக்கு இரண்டுமே தவறான பதில் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் விருப்பம் என்று விட்டால் பழக்கம் வெல்லும். யாரும் மாற மாட்டார்கள். எல்லோருக்கும் கட்டாயம் என்றால் வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே மனு எழுதிக்கொண்டு வரும் ஒரு பெண்மணி வாசலிலேயே நின்றுவிடுவார். ஆயிரக்கணக்கில் வழக்குப் போடும் அரசுத் துறைகள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களுக்கு நாளையே கட்டாயமாக்கலாம். அடுத்தது வழக்கறிஞர்கள். ஜெர்மனி அப்படித்தான் செய்தது. வழக்கறிஞர்களுக்கான மின்னஞ்சல் பெட்டி பாதுகாப்புக் குறையால் 2017 கடைசியில் நிறுத்தப்பட்டு, பல மாதம் கழித்துத் திரும்பி வந்து, 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. தானே வழக்காடும் குடிமக்களுக்குக் காகிதம் திறந்தே இருக்கிறது. காகிதமாக வருவதைத் தரவாக மாற்றும் வேலையை நீதிமன்றம் தன் செலவில் செய்ய வேண்டும். சிங்கப்பூரின் சேவை மையங்களும் இந்தியாவின் இ-சேவை மையங்களும் இதற்காக வந்தவைதான். அங்கே உட்காரும் ஊழியர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் சேவை மையம், இல்லாததைவிட மோசம். அதைக் காட்டித்தான் கட்டாயத்தை நியாயப்படுத்துவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மேல்முறையீட்டுக் கெடு முடியும் இரவு, பதினொன்றே முக்கால் மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது? தொழில்நுட்பக் கோளாறு என்று காட்டினால் அந்தச் சமயத்துக்குக் காகிதத்தில் கொடுக்க ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. நான் அதற்கும் ஒரு படி மேலே போவேன்: அமைப்பு நின்றுபோன நேரத்தை அமைப்பே பதிவு செய்து, அந்த அளவுக்குக் கெடு தானாக நீள வேண்டும். சர்வர் கெட்டதை நிரூபிக்கும் பாரம் கட்சிக்காரர் தலையில் விழக்கூடாது.

திரையில் விசாரணை

கொரோனா காலத்தில் உலகம் முழுக்க நீதிமன்றங்கள் ஒரே மாதத்தில் காணொளிக்கு மாறின. முடியாது என்று இருபது ஆண்டு சொல்லி வந்தது முடிந்தது. அதனாலேயே, எல்லாவற்றையும் இப்படியே நடத்தலாமே என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. இங்கே நிதானம் வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் 1999 முதல் பெரும்பாலான ஜாமீன் விசாரணைகளைக் காணொளியில் நடத்தினார்கள். பிறகு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான வழக்குகளை எடுத்துப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். காணொளிக்கு மாறிய வழக்குகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் உயர்ந்திருந்தது. நேரில் விசாரணை தொடர்ந்த கடுமையான குற்றங்களில் அப்படி உயரவில்லை. அந்த முடிவு வெளிவருவதற்கு முன்பே, காணொளி முறையை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டதால், 2008இல் கவுண்டி நேரடி விசாரணைக்கே திரும்பியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை நீதிபதி முழு மனிதராகப் பார்ப்பது குறைந்துபோனது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

கைதானவரை முதல்முறை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நேரில் வந்தால் அவர் கதவிலிருந்து கூண்டு வரை பத்தடி நடக்க வேண்டும். நொண்டுகிறாரா, உட்காரத் தயங்குகிறாரா, பக்கத்தில் நிற்கும் காவலரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா என்பதெல்லாம் அந்தப் பத்தடியில் தெரிந்துவிடும். திரை காட்டுவது மார்புக்கு மேலே. சட்டைக்குள் இருக்கும் காயமோ, கேமராவுக்கு வெளியே நிற்கும் ஆளோ தெரியாது. வக்கீல் குனிந்து காதில் ஒரு வார்த்தை கேட்கவும் முடியாது. முதல் ஆஜர், ஜாமீன், காவல் நீட்டிப்பு, உண்மைக்கு உண்மை மோதும் குறுக்கு விசாரணை ஆகியவை நேரில்தான் நடக்க வேண்டும். வண்டிச் செலவு மிச்சம், காவலர் மிச்சம் என்று சொல்லி இவற்றைத் திரைக்குத் தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன்.

மறுபக்கம், திரையால் வரும் நன்மையையும் குறைத்துச் சொல்ல முடியாது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பத்து நிமிட சாட்சியத்துக்காக ஒரு நாள் மருத்துவமனையை விட்டு வர வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் சாட்சியைக் காணொளியில் விசாரிக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை, குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் பார்க்காமல் வேறு அறையிலிருந்து பேசலாம். வாய்தா மட்டுமே வாங்கப் போகும் நாளில் கட்சிக்காரர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வகைக்கு உண்மையில் காணொளியே வேண்டாம். ஒரு குறுஞ்செய்தி போதும்.

அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2016இல் தொடங்கிய உரிமையியல் தீர்ப்பாயம் அடுக்குமாடிக் குடியிருப்புத் தகராறுகளையும், 2017 முதல் 5,000 டாலர் வரையிலான சிறு கோரிக்கைகளையும் பெரும்பாலும் எழுத்திலேயே தீர்க்கிறது. இரு தரப்பும் தங்களுக்கு வசதியான நேரத்தில் எழுதலாம், ஆவணம் ஏற்றலாம். முதலில் தாங்களே பேசித் தீர்க்க வாய்ப்பு, பிறகு சமரசம், கடைசியில்தான் முடிவு. ஒரே நேரத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. காணொளிக்கு வேகமான இணையம் வேண்டும், இதற்கு வேண்டாம். வாடகை முன்பணம், கெட்டுப்போன பொருள், சம்பளப் பாக்கி போன்ற சிறு வழக்குகளுக்கு, நீதிமன்ற அறைக்குள் பெரிய திரை மாட்டுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல்.

யார் பார்க்கலாம், யார் திருடலாம்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் 'பேசர்' தளத்தில் வழக்கு ஆவணம் பார்க்கப் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். இந்தியாவின் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த மாவட்டத்தில் எத்தனை வழக்கு பத்தாண்டுக்கு மேல் கிடக்கிறது என்பது அதில் தெரியும். நான் இலவசத்தின் பக்கம். நிலுவைக் கணக்கு மக்கள் கண்ணில் படும்போதுதான் காலியான நீதிபதி இடங்களைப் பற்றிய கேள்வி எழும்.

ஆனால் 'திறந்த நீதிமன்றம்' என்பதைத் தேடுபொறிக்குத் திறந்து விடுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விடுதலையான ஒருவரின் பெயரைத் தட்டினால் இருபது ஆண்டு கழித்தும் குற்றச்சாட்டு முதலில் வருகிறது. விவாகரத்து வழக்கில் மருத்துவ அறிக்கை, சொத்து வழக்கில் வங்கிக் கணக்கு எண் என்று எல்லாம் வெளியே கிடக்கும். தாக்கல் செய்யும் படிவத்திலேயே இவற்றுக்குத் தனிக் கட்டம் வைத்து மறைக்க வேண்டும். பிறகு தேடித் தேடிக் கறுப்பு மை பூசுவது நடக்காத காரியம்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு சம்பவங்கள் போதும். 2019இல் பெர்லினின் உயர் நீதிமன்றம் 'இமோடெட்' என்ற தீநிரலால் தாக்கப்பட்டு, மாதக்கணக்கில் வெளி இணைப்பு இல்லாமல் இயங்கியது. 2021 ஜனவரியில், ஊடுருவலுக்குப் பிறகு, மிக ரகசியமான ஆவணங்களைக் காகிதத்திலோ தனிக் கருவியிலோ மட்டுமே வாங்குவதாக அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் அறிவித்தன. சில ஆவணங்களுக்குக் காகிதம் நிரந்தரமாக இருக்கத்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இப்போதைக்கு வரிசையின் கடைசியில். மொழிபெயர்ப்பு, வாக்குமூலத்தைத் தட்டச்சாக்குவது போன்றவற்றுக்கு, ஒரு மனிதர் சரிபார்க்கும் வரை, பயன்படுத்தலாம். செயற்கை நுண்ணறிவு புனைந்துகொடுத்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய மனுவுக்காக 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. முடிவெடுக்கும் வேலையை அதனிடம் விடவே கூடாது என்று 2025இல் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுத்தது. அது சரியான கோடு.

என் வரிசை

பணமும் ஆளும் குறைவு என்று வைத்துக்கொண்டால் நான் போடும் வரிசை இது. முதல் ஆண்டு: எல்லா வழக்குக்கும் ஒரே மாதிரி எண், அடுத்த தேதி குறுஞ்செய்தியில், உத்தரவு மின்கையொப்பத்தோடு அன்றே சிறைக்கும் கட்சிக்காரருக்கும். அடுத்து, அரசுக்கும் வங்கிகளுக்கும் கட்டாய மின்படிவம், பிறகு வழக்கறிஞர்களுக்கு. அதன் பிறகு சிறு கோரிக்கைகளுக்கு எழுத்துவழித் தீர்ப்பாயம். காணொளி, டாக்டர் போன்ற நிபுணர் சாட்சிக்கும் வெளிநாட்டுச் சாட்சிக்கும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் திரையை வடிவமைக்கும் மேசையில் இருபது வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் எங்கே முடிச்சு விழுகிறது என்று நீதிபதியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

டெண்டர் விடுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஓர் ஊழியரை நோட்டும் பேனாவும் கொடுத்துச் சிறை வாசலில் உட்கார வையுங்கள். ஜாமீன் உத்தரவில் நீதிபதி கையெழுத்துப் போட்ட நேரம் ஒரு பத்தியில், அந்த மனிதர் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்த நேரம் இன்னொரு பத்தியில். ஓராண்டு கழித்து அதே ஊழியரை அதே இடத்தில் உட்கார வைத்து, அதே இரண்டு நேரங்களை மறுபடி எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரருக்கான அடுத்த தவணையை அந்த நோட்டைப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.